ஆண் ஈக்கள் நலம்

மார்ச் 2

ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர், தினமும் நாலு வரி நாட்குறிப்பும் எழுதச் சொல்லியிருக்கிறார். மனத்தில் இருப்பதைக் கொட்டிவிட்டால் அழுத்தம் இறங்குமாம். மாத்திரைக்காவது பக்கவிளைவு என்னவென்று அட்டையில் போட்டிருக்கிறார்கள்.

நாட்குறிப்பு எழுதுகிறவர்கள் தங்களைத் தங்களுக்கே அறிமுகம் செய்துகொள்வதில்லை. எனக்கு அது தேவைப்படுகிறது. பெயர் பூபதி. வயது முப்பத்தெட்டு. கோயம்புத்தூருக்கு வெளியே ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் பழ ஈ வளர்க்கிறேன். கனிந்த வாழைப்பழத்தைச் சுற்றுமே, அந்தச் சின்ன ஈ. எல்லோரும் அதைத் துண்டால் விரட்டுவார்கள். நாங்கள் சோறு போட்டு வளர்த்து, அதன் மரபணுக்களை ஆராய்கிறோம். பதவி: திட்ட விஞ்ஞானி. திட்டம் முடிந்தால் விஞ்ஞானியும் முடிந்தார்.

மனைவி கோகிலவாணி, அரசு கால்நடை மருத்துவர். அவள் வண்டி தெருவில் நுழைந்தால் நாலு ஊர் ஆட்கள் எழுந்து நிற்கிறார்கள். நான் ஆய்வகத்துக்குள் நுழைந்தால் ஈ கூட எழுந்திருப்பதில்லை.

கல்யாணமாகி ஏழு வருடம். குழந்தை இல்லை. அந்தக் குறையைத் தீர்த்துவிட்டுத்தான் ஊர் திரும்புவது என்ற முடிவோடு கோபியிலிருந்து அம்மா வந்து இறங்கியிருக்கிறாள். கூடவே ஒரு கஷாயப் பொடி. கோகிலா காலையில் வெறும் வயிற்றில் குடிக்க வேண்டும்.

"அஞ்சு வருசம் கொளந்தையில்லாம இருந்த புள்ளைக்கு ரெட்டையாப் பொறந்துச்சு, கண்ணு" என்றாள் அம்மா. பொடியை மூடும்போது அவள் முகத்தில் இருந்த நம்பிக்கை எங்கள் நிறுவனத்தில் யார் முகத்திலும் கிடையாது.

மார்ச் 5

ஆய்வகத்தில் பரபரப்பு. ஹாஜிரா என்ற ஆராய்ச்சி மாணவி அப்பன் பாட்டன் இல்லாத ஒரு மரபணுவைப் பிடித்திருக்கிறாள்.

எங்கள் தலைவர் பேராசிரியர் இக்னேஷியஸ், தூத்துக்குடிக்காரர், முப்பது வருடமாக ஒரே பாடத்தை நடத்தியிருக்கிறார். புதிய மரபணு வானத்திலிருந்து குதிக்காது. பழையதைப் படியெடுக்கும்போது கைதவறி இரண்டு படி விழுந்துவிடும். ஒன்று பழைய வேலையைப் பார்க்கும். உபரியாக நிற்கும் மற்றது கொஞ்சம் கொஞ்சமாக மாறிப் புது வேலை கற்றுக்கொள்ளும். ஆகவே எல்லா மரபணுவுக்கும் பூர்வீகம் உண்டு. தேடினால் கிடைக்கும்.

ஹாஜிராவின் மரபணுவுக்குத் தேடினோம். கிடைக்கவில்லை. இந்த ஈயின் பங்காளி இனங்களில் அதே இடத்தைப் பார்த்தால், டிஎன்ஏ எழுத்துகள் கிட்டத்தட்ட அப்படியே இருக்கின்றன. ஆனால் அங்கே மரபணு எதுவும் இல்லை. அர்த்தமில்லாத எழுத்து வரிசை, அவ்வளவுதான். எங்கள் ஈயில் மட்டும் அந்த வெற்று வரிசை என்றோ ஒருநாள் எழுந்து உட்கார்ந்து வேலை பார்க்கத் தொடங்கிவிட்டது. காலி மனையில் பிள்ளையார் முளைப்பதை நாம் பார்த்திருக்கிறோம். அதற்குப் பின்னால் ஒரு கவுன்சிலர் இருப்பார். இதற்குப் பின்னால் யாருமில்லை.

"சுயம்புன்னு பேர் வெச்சுடலாமா சார்?" என்றாள் ஹாஜிரா.

"பேரு நல்லாத்தான் இருக்கு" என்றார் இக்னேஷியஸ். "ஆனா சொந்தமே இல்லன்னு சொல்லாதம்மா. நமக்கு அடையாளம் தெரியலன்னு சொல்லு. அந்த மரபணு என்ன செய்யுதுன்னு பாப்போம். அத எடுத்துட்டு ஈ வளத்துப் பாரு."

சுயம்பு எங்கே வேலை செய்கிறது என்றும் ஹாஜிரா பார்த்திருந்தாள். ஆண் ஈயின் விந்தகத்தில். புதிதாகப் பிறக்கும் மரபணுக்களில் நிறைய அங்கேதான் முதலில் விழித்துக்கொள்கின்றனவாம். ஏன் என்று ஆளுக்கொரு கருத்து சொல்கிறார்கள்.

இதை அவள் விளக்கிக்கொண்டிருந்தபோது நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். வேப்பமரம் நன்றாக இருந்தது.

மார்ச் 13

கோகிலா வேலை முடிந்து வந்து குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள். என் தட்டில் விழுந்த தோசைகள் அளவுக்கு அவளிடம் பேசவும் விஷயம் இருந்தது.

"இன்னைக்கு ஒருத்தர் மாட்டை வித்துப் போடலாம்னு வந்துட்டாருங்க. மூணு தடவையும் சினை புடிக்கலியாம். நான் பாத்தேன், மாட்டுக்கு ஒரு கொறையும் இல்ல. காளையைக் காட்டுங்கன்னேன். 'காளைக்கென்னங்க, கொம்பும் திமிலுமா நெம்ப ஜோரா இருக்குது'ங்கறார்."

"அப்பறம்?" என்றாள் அம்மா, தன்னையறியாமல்.

"கொம்பையும் திமிலையும் வெச்சா அத்தை சினை புடிக்குது? நாங்க எப்பவும் காளையைத்தான் முதல்ல பாப்போம். அது சுலபம். மாட்டைப் போட்டுக் கஷ்டப்படுத்த வேண்டியதில்ல."

"சாப்படறப்ப இதென்ன பேச்சு அம்மணி" என்றாள் அம்மா.

கோகிலா என்னைப் பார்த்ததாகத் தோன்றியது. நான் சட்னி கேட்டேன். சட்னி நன்றாக இருந்தது.

மார்ச் 22

மகப்பேறு மருத்துவமனை. கோகிலாவுக்கு இரண்டாம் முறையாக எல்லாச் சோதனையும் செய்தார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது. டாக்டரம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"சாரும் ஒரு டெஸ்ட் குடுத்துட்டா நல்லது. போன தடவையே சொன்னேன்."

"நிச்சயமா டாக்டர்" என்றேன்.

நிச்சயமாக என்பது தமிழில் தேதி இல்லாத சொல். திரும்பி வரும் வழியில் கோகிலா காரின் கண்ணாடியை இறக்கிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். ஏசி ஓடும்போது கண்ணாடியை இறக்கினால் பெட்ரோல் வீண் என்று சொன்னேன்.

மார்ச் 26

நேரமில்லை. ஈக்களுக்குச் சோளமாவும் வெல்லமும் காய்ச்சிக் குப்பிகளில் ஊற்றினேன். இது என் வேலை இல்லை. ஆனாலும் யாராவது செய்ய வேண்டுமே.

ஏப்ரல் 4

சுயம்பு நீக்கப்பட்ட ஈக்கள் வளர்ந்துவிட்டன. ஹாஜிரா கூப்பிட்டாள்.

"சார், ஆண் ஈக்கள் எல்லாம் நலம். பறக்குது. சாப்பிடுது. பெண் ஈ பக்கத்துல போய் ரெக்கையை அடிச்சுப் பாட்டெல்லாம் பாடுது. கூடுது. ஒரு வித்தியாசமும் இல்ல."

"அப்பறம் என்ன?"

"முட்டைதான் சார் பொரியல. ஒண்ணுகூட."

நுண்ணோக்கியில் பார்த்தேன். பளபளப்பான சிவப்புக் கண், சீரான இறக்கை, நல்ல கம்பீரம். இதைப் போய் யார் குறை சொல்வது?

"பெண் ஈக்களைச் சோதிச்சியா?" என்றேன்.

"அது சாதாரணப் பெண் ஈ சார். அதுல நாம கையே வைக்கல. ஆணுலதான் மரபணுவை எடுத்திருக்கோம்."

"இருந்தாலும் முதல்ல பெண் பக்கம் சந்தேகமில்லைன்னு உறுதி பண்ணிக்கணும். அறிவியல்னா அப்படித்தான்."

ஹாஜிரா என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு, "சரிங்க சார்" என்றாள். இந்தக் காலத்து மாணவர்களுக்குப் பொறுமை போதாது.

ஏப்ரல் 19

பெண் ஈக்களை மூன்று சுற்று சோதித்தாகிவிட்டது. வேறு ஆணோடு விட்டால் கொத்துக்கொத்தாகப் பொரிக்கின்றன. இக்னேஷியஸ் கேட்டார்: "என்னய்யா பூபதி, ஆண் ஈயோட விந்தகத்தத் தொறந்து பாத்தா ஒரு மணி நேரத்துல முடிஞ்சுபோற விஷயம். ரெண்டு வாரமா பொம்பள ஈயப் போட்டு என்னத்தத் தேடுதிய?"

"முறையாச் செய்யறோம் சார்" என்றேன்.

மாலையில் ஹாஜிரா தானாகவே திறந்து பார்த்துவிட்டாள். உள்ளே விந்தணு உருவாகத் தொடங்குகிறது. பாதியில் நின்றுபோகிறது. வால் முளைத்த ஒன்றுகூட இல்லை. எதனால் நிற்கிறது என்று தெரியவில்லை. அப்பன் பேர் தெரியாத ஒரு மரபணு, நேற்று வந்தது, அது இல்லாவிட்டால் கோடிக்கணக்கான வருடப் பரம்பரை அந்த இடத்தோடு முடிந்துபோகிறது. ஹாஜிரா குதித்தாள். இக்னேஷியஸ் எல்லோருக்கும் பப்ஸ் வாங்கிக் கொடுத்தார். நான் பாதி பப்ஸ் சாப்பிட்டேன்.

ஏப்ரல் 21

அம்மா வேறொரு மருத்துவமனையைக் கண்டுபிடித்துவிட்டாள். அங்கே வயிற்றில் சின்னத் துளை போட்டுக் கருவி விட்டுப் பார்ப்பார்களாம். "மேலோட்டமாப் பாத்தா எப்படித் தெரியும்? உள்ளுக்குள்ள பாக்கோணும். மாட்டுக்குள்ள கையை விட்டுட்டுத் திரிஞ்சா பின்ன என்ன ஆகும்?"

கோகிலா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மயக்கம் கொடுத்துச் செய்வது. ஆபத்து பெரிதாக இல்லை. ஆனாலும் அறுவை அறுவைதான். அவள் மருத்துவர், அதற்கு இப்போது அவசியமே இல்லை என்று அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் அவள் மறுக்கப்போகிறாள் என்று காத்திருந்தேன்.

"நீங்க என்ன சொல்றீங்க?" என்று என்னைக் கேட்டாள்.

"உனக்கு எது சரின்னு படுதோ..." என்றேன். பெண்ணின் முடிவுக்கு மதிப்பளிக்கிறவன் நான்.

கத்தி சற்று நேரம் பலகையில் நின்றது. "சரிங்க அத்தை. மே பதினாறு லீவு போட்டுடறேன்" என்றாள். மீண்டும் வெண்டைக்காய். எல்லாத் துண்டுகளும் ஒரே அளவு.

ஏப்ரல் 28

ஞாயிறு. ஆய்வகத்தில் யாருமில்லை. ஈக்களுக்கு உணவு மாற்றப் போயிருந்தேன்.

நுண்ணோக்கியின் விளக்கு சரியாக எரிகிறது. லென்ஸைத் துடைத்துப் பார்த்தேன், தூசி இல்லை. கண்ணாடித் தகட்டை மூன்று முறை மாற்றினேன். தகடுகளிலும் தவறில்லை. நல்ல நுண்ணோக்கி. ஜெர்மனியிலிருந்து வந்தது. எதையும் மறைக்காது.

திரும்பும் வழியில் அம்மாவுக்கு மல்லிகைப்பூ வாங்கினேன். ஏன் வாங்கினேன் என்று தெரியவில்லை. அம்மா பூ வைத்துப் பதினோரு வருடம் ஆகிறது.

ஏப்ரல் 29

பூ வாடிவிட்டது. கோகிலா எடுத்து வெளியே போட்டாள்.

மே 7 (பெங்களூர்)

கருத்தரங்கில் சுயம்புவைப் பற்றி நான்தான் பேசினேன். ஹாஜிராவின் வேலை, இக்னேஷியஸின் ஆய்வகம், என் கோட்டு. பேச்சு முடிந்ததும் முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் எழுந்தார்.

"இது வெற்று டிஎன்ஏவிலிருந்து எப்படிப் பிறந்தது?"

"தெரியாது" என்றேன்.

"இது இல்லாவிட்டால் விந்தணு ஏன் நின்றுபோகிறது?"

"தெரியாது."

"நேற்று வந்த ஒன்று எப்படி இவ்வளவு அத்தியாவசியமானது? அது வருவதற்கு முன்னால் அந்த இனம் எப்படிப் பெருகியது?"

"அதுவும் தெரியாது" என்றேன். அரங்கமே கை தட்டியது. நேர்மையான பதில் என்றார் தலைமை தாங்கியவர். தேநீர் இடைவேளையில் முன்பின் தெரியாதவர்கள் வந்து கை குலுக்கினார்கள். முன்னூறு பேருக்கு நடுவே ஒலிபெருக்கியில் மூன்று முறை தெரியாது என்று சொல்லிவிட்ட எனக்கு, தெரிந்த ஒன்றை வீட்டில் ஒரே ஆளிடம் சொல்ல

கோபிநாத் என்று ஒருவர் வந்து கதவைத் தட்டினார். பக்கத்து அறைக்காரர். இஸ்திரிப் பெட்டி இருக்கிறதா என்று கேட்டார். பிறகு எழுதுகிறேன்.

மே 8

என்ன எழுத வந்தேன் என்று மறந்துவிட்டது.

மே 11

வெயில் அதிகமாக இருக்கிறது, ஜூனில் வைத்துக்கொள்ளலாமே என்று கோகிலாவிடம் சொன்னேன்.

"ஆப்பரேஷன் தியேட்டர்ல ஏசி இருக்குமுங்க" என்றாள்.

லீவு வீணாகுமே என்றேன். லீவு நிறைய இருக்கிறதாம். எதற்கும் இன்னொரு டாக்டரைக் கேட்கலாமே என்றேன். அப்போது அவள் கைவேலையை விட்டுவிட்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, தள்ளிப் போடலாம். எனக்கொண்ணும் ஆசையில்ல. ஒரே ஒரு காரணம் சொல்லுங்க. சரியான காரணமாச் சொல்லுங்க. தள்ளிப் போட்டுடறேன்."

மின்விசிறி சுற்றியது. ரெகுலேட்டர் மூன்றில் இருந்தது. நாலில் வைத்தேன்.

"ஒண்ணுமில்ல. சும்மாதான் சொன்னேன்."

"சரிங்க" என்று எழுந்து போனாள்.

மே 16

இன்று நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். கிண்டலெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

காலையில் மருத்துவமனையில் சேர்த்தோம். கோகிலா வளையலையும் தோட்டையும் கழற்றி அம்மாவிடம் கொடுத்தாள். தாலிக்கொடியைக் கழற்றும்போது அம்மா முணுமுணுத்தாள், நர்ஸ் கண்டுகொள்ளவில்லை. பச்சை அங்கி போட்டு, தலையில் பச்சைத் தொப்பி மாட்டி, கையில் ஊசி குத்திக் கட்டிலில் உட்கார வைத்திருந்தார்கள். தினமும் மாடுகளுக்கு ஊசி போடும் கை. தனக்குப் போட்ட ஊசியின் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்திரி சரியாக ஒட்டவில்லை என்று தானே அழுத்திவிட்டுக்கொண்டாள்.

தள்ளுவண்டியோடு ஓர் ஆள் வந்தார். "கோகிலவாணி யாருங்க?"

"நான்தானுங்க" என்று அவள் இறங்கினாள். என்னைப் பார்க்கவில்லை. அதுதான் தாங்கவில்லை. இத்தனை நாளாகப் பார்த்துக்கொண்டே இருந்தவள், இனிமேல் பார்க்க ஒன்றுமில்லை என்பது போலத் தள்ளுவண்டியின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம்" என்றேன். "வேண்டாங்க. அவளுக்கு ஒண்ணுமில்ல."

"என்றா கண்ணு?" என்றாள் அம்மா.

"அம்மா, அவளுக்கு ஒரு கொறையும் இல்ல. எனக்குத்தான்."

"நல்ல நேரத்துல என்ன பேச்சுடா இது."

"எனக்குத்தாம்மா. நானே பாத்துட்டேன். ஆய்வகத்துல. நுண்ணோக்கி வெச்சு." அதற்கு மேல் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், படித்த முட்டாள் ஒருவன் செய்யக்கூடியதைச் செய்தேன். "எங்க லேப்ல ஆண் ஈ இருக்குதும்மா. பாக்க நல்லா இருக்கும். பறக்கும், பாடும்..."

"ஈயைப் பத்திப் பேசற நேரமாடா இது?" அம்மா கத்தியதில் பக்கத்துக் கட்டில் திரைகள் விலகின.

"ஈ இல்லம்மா. நான். என்கிட்ட விந்தணுவே இல்ல. ஒண்ணுகூட இல்ல."

தள்ளுவண்டிக்காரர் வண்டியை இரண்டடி பின்னால் இழுத்துக்கொண்டார். நர்ஸ் கூரையைப் பார்த்தார். அம்மா வளையல்களை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

கோகிலா தலையிலிருந்து தொப்பியைக் கழற்றினாள். மடித்துத் தலையணை மேல் வைத்தாள்.

"எப்ப பாத்தீங்க?"

"ஏப்ரல் கடைசி ஞாயிறு."

"அதுக்கப்பறமும் இதுவரைக்கும் கூட்டிட்டு வந்தீங்க."

அவள் நர்ஸிடம் கையை நீட்டினாள். "இதை எடுத்துடுங்க." நர்ஸ் டாக்டரைக் கேட்க வேண்டும் என்றார். "நானும் டாக்டர்தானுங்க" என்றாள் கோகிலா. பிறகு என் பக்கம் திரும்பாமலே, "நேத்து ராத்திரியிலிருந்து பட்டினி. பசிக்குது. போய் இட்லி வாங்கிட்டு வாங்க" என்றாள்.

வாங்கி வந்தேன். கட்டிலிலேயே உட்கார்ந்து நாலு இட்லி சாப்பிட்டாள். ஐந்தாவதை எடுக்கும்போது இட்லி உடைந்து சாம்பாரில் விழுந்தது. அப்போதுதான் அழுதாள். அம்மா எழுந்துபோய் அவள் பக்கத்தில் நின்றாள். தொடலாமா கூடாதா என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. கடைசியில் தோட்டை எடுத்து அவள் காதில் போட்டுவிட்டாள்.

மே 17

ஒறம்பரை, சொந்தபந்தம் முழுக்கப் போன் செய்து கேட்கிறார்கள். ஆப்பரேஷன் ஏன் நடக்கவில்லை? "மிஷின் ரிப்பேராம்" என்கிறாள் அம்மா. எந்த மிஷின் என்று யாரும் கேட்கவில்லை. அம்மா சொன்னதில் பொய்யும் இல்லை.

இன்று காலை கஷாயம் என் முன்னால் வந்தது. குடித்தேன். இதைத்தான் இரண்டரை மாதமாகக் கோகிலா குடித்திருக்கிறாள்.

மே 20

கேட்டேவிட்டேன். "உனக்குத் தெரியுமா, கோகிலா?"

"பத்து வருசமா காளை பாக்கறேன். எல்லா டெஸ்டும் எனக்கு நல்லா இருக்குதுன்னா மிச்சம் யாருங்க இருக்கறாங்க? முதல்ல உறுதியாத் தெரியாது. ஆனா நீங்க டெஸ்ட்டுக்கு வராம ஓடறதப் பாத்தே பாதி தெரிஞ்சுது. பூ வாங்கிட்டு வந்தீங்களே, அன்னைக்கு மிச்சமும் தெரிஞ்சுது."

"அப்பறம் ஏன் ஒத்துக்கிட்டே?"

"நீங்க எதுவரைக்கும் போவீங்கன்னு பாக்கத்தான்." துணியை மடித்து வைத்துக்கொண்டே சொன்னாள். "தியேட்டர் வாசல் வரைக்கும் போயிருப்பேன். உள்ள போயிருக்க மாட்டேன். நான் என்ன மாடா?"

"மன்னிச்சுடு."

"கொளந்தை இல்லாததுக்கு மன்னிப்புக் கேக்காதீங்க. அதுல உங்க தப்பு என்ன இருக்குது?" மடித்த துணியெல்லாம் ஒரு பெட்டிக்குள் போய்க்கொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். "அந்தியூர்ப் பக்கம் ஒரு மருந்தகம் காலியா இருந்துச்சு. போன மாசமே கேட்டிருந்தேன். ஆர்டர் வந்துடுச்சு."

"கோவமா?"

"கோவந்தானுங்க. இந்த வீட்டுல உக்காந்து கோவப்பட எடமில்ல. அத்தை இருக்கறாங்க, நீங்க இருக்கறீங்க, ரெண்டு பேர் மூஞ்சியும் பாத்தாப் பாவமா இருக்குது. அதனால அங்க போய் நல்லாக் கோவப்பட்டுட்டு அப்பறம் பாக்கலாம்."

மே 27

போய்விட்டாள். பேருந்து நிலையம் வரைக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். வீடு நன்றாக

இல்லை. வீடு நன்றாக இல்லை.

ஜூன் 10

ஆண்களுக்கான சிறப்பு மருத்துவரிடம் போனேன். வரவேற்பில் இருந்த பெண் சத்தமாக, "விந்தணு டெஸ்ட்டுங்களா சார்?" என்றார். "ஆமாங்க" என்று நானும் சத்தமாகச் சொன்னேன். எதிரே உட்கார்ந்திருந்த மூன்று ஆண்கள் ஒரே நேரத்தில் செய்தித்தாளை உயர்த்தினார்கள்.

எல்லாம் பார்த்தார்கள். ஹார்மோன் சரி. குரோமோசோம் சரி. அடைப்பு இல்லை. விந்தகத்திலிருந்து ஊசி வழியே எடுத்தும் பார்த்தார்கள். உருவாகத் தொடங்கிப் பாதியில் நின்றுபோகிறதாம்.

"காரணம் என்ன டாக்டர்?"

"தெரியலைங்க" என்றார் டாக்டர். "உங்களை மாதிரி வர்றவங்கள்ல நிறைய பேருக்குக் காரணம் கண்டுபிடிக்க முடியறதில்ல. ஏதோ ஒரு மரபணுவா இருக்கலாம். எதுன்னு இன்னும் யாருக்கும் தெரியாது."

நான் சிரித்துவிட்டேன். அவர் மனநல ஆலோசகர் ஒருவரின் பெயரைச் சொன்னார். பரவாயில்லை என்றேன். நான் எட்டு வருடம் படித்து, பத்து வருடம் ஆராய்ந்து, கை தட்டல் வாங்கிய அதே பதிலை, கட்டணம் கட்டி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். இங்கே யாரும் கை தட்டவில்லை.

வெளியே வந்து கோகிலாவைப் போனில் கூப்பிட்டேன். டாக்டர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன்.

"ஊசி போட்ட எடம் வலிக்குதா?" என்றாள்.

"வலிக்குது."

"ஐஸ் வெச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். இரண்டு வாரத்தில் அவள் என்னிடம் பேசிய மிக நீளமான பேச்சு.

ஜூலை 2

சுயம்பு கட்டுரைக்கு மதிப்பீட்டாளர்களின் கருத்து வந்திருக்கிறது. ஒருவர் நன்று என்கிறார். மற்றவர், எப்படிப் பிறந்தது, எப்படிச் செயல்படுகிறது என்று விளக்காமல் இதை வெளியிட்டு என்ன பயன் என்கிறார். கேள்வி நியாயமானதுதான். எனக்கும் அதே கேள்விதான், பல விஷயங்களில்.

ஏதாவது ஓர் ஊகத்தைச் சேர்த்து ஒப்பேற்றலாமா என்று கேட்டேன். இக்னேஷியஸ் மறுத்துத் தலையாட்டினார்.

"வேண்டாம்யா. தெரிஞ்சத எழுதுங்க. தெரியாதத தெரியாதுன்னு எழுதுங்க. முப்பது வருஷமா பசங்களுக்கு எல்லாத்துக்கும் அப்பன் உண்டுன்னு சொல்லிக் குடுத்துருக்கேன். இப்ப தப்புன்னு ஆயிட்டு. நான் என்ன செத்தா போய்ட்டேன்?" சந்தோஷமாகச் சிரித்தார். ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம்தான் இருக்கிறது. புதிதாக ஒன்று தெரியாமல் போனதில் பத்து வயது குறைந்தவர் போல இருந்தார்.

ஹாஜிராவின் பெயர் முதலில் வர வேண்டும் என்று சொன்னேன். இக்னேஷியஸ் ஏற்கெனவே போட்டிருந்தார். "சார், அந்த மூணு சுற்றுப் பெண் ஈ சோதனையைக் கட்டுரையில் சேர்க்கணுமா?" என்றாள் ஹாஜிரா.

"சேரு" என்றேன். "தேவையில்லாம செஞ்சதுன்னும் எழுது."

"அப்படியெல்லாம் எழுத மாட்டாங்க சார்."

"தெரியும்."

ஜூலை 15

அம்மா கோபிக்குப் போகிறாள். பையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றவள், "அவகிட்ட நான் எப்படிடா பேசறது?" என்றாள். எனக்கும் தெரியவில்லை என்றேன். "படிச்சவன்தானே" என்று சலித்துக்கொண்டாள். பிறகு பேருந்தில் ஏறி, ஜன்னல் வழியாக, "கூட்டிட்டு வாடா. இல்லீன்னா நீயாவது அங்க போ. ஈயை யாராச்சும் பாத்துக்குவாங்க" என்றாள்.

ஆகஸ்ட் 3 (அந்தியூர்ப் பக்கம்)

சொல்லாமல் கிளம்பினேன். சொன்னால் வர வேண்டாம் என்று சொல்லிவிடலாம் அல்லவா? நடத்துனரிடம் திரும்பிப் போகக் கடைசி பஸ் எப்போது என்று விசாரித்தேன். ஏழு மணிக்கு என்றார். மருந்தகத்தில் டாக்டரம்மா இல்லை, மாரப்பன் என்பவரின் தோட்டத்துக்குப் போயிருக்கிறார் என்றார்கள். மலையடிவாரத்தில், மஞ்சள் பயிரிட்ட காட்டைத் தாண்டி நடந்தேன்.

மாட்டுக்கு ஈனும் நேரம். கன்றின் ஒரு கால் உள்ளே மடங்கிச் சிக்கிக்கொண்டிருந்தது. கோகிலா தரையில் மண்டியிட்டு, தோள் வரைக்கும் கையை உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டு எதையோ தேடிக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் வியர்வை. பக்கத்தில் தோட்டத்துக்காரர் மாரப்பன் மாட்டின் தலையைப் பிடித்துத் தடவிக்கொண்டிருந்தார். அறுபது வயது இருக்கும்.

கண்ணைத் திறந்தவள் என்னைப் பார்த்தாள். ஆச்சரியப்பட அவளுக்கு நேரமில்லை.

"சட்டையைக் கழட்டிட்டுக் கையைக் கழுவிட்டு வாங்க. ஆள் பத்தல."

கழுவிக்கொண்டு வந்தேன். மடங்கிய காலை அவள் நிமிர்த்திவிட்டிருந்தாள். இரண்டு முன்னங்காலிலும் கயிறு கட்டி என் கையில் கொடுத்தாள்.

"சார் யாருங்க?" என்று மாரப்பன் கேட்டார்.

"என்ற வீட்டுக்காரர்" என்றாள் கோகிலா, மாட்டின் வயிற்றைத் தடவியபடி.

"அப்படீங்களா! சந்தோசமுங்க. கொளந்தைக எத்தனைங்க?"

இந்தக் கேள்வி எங்களுக்குப் பழக்கமானது. ஏழு வருடமாக எங்கே போனாலும் வரும். வந்ததும் நான் எதையாவது பார்ப்பேன். கோகிலா, "இன்னும் இல்லீங்க" என்பாள். கேட்டவர் பார்வை அவள் வயிற்றில் போய் நிற்கும். இன்றும் அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள்.

"இல்லீங்க" என்றேன் நான். "கோளாறு எனக்குங்க. அவளுக்கு ஒண்ணுமில்ல."

கோகிலாவின் கை நின்றது.

மாரப்பன் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இடி விழவில்லை.

"ஓ, அப்படீங்களா" என்றார். "சரிங்க, கயித்தை இறுக்கிப் புடிச்சுக்குங்க. மாடு முக்கறப்ப இழுக்கோணும். முக்காதப்ப இழுக்கக் கூடாது."

மாடு முக்கியது. இழுத்தேன். "மெதுவா" என்றாள் கோகிலா. மறுபடி முக்கியது. இழுத்தேன். "இப்ப, இப்ப, விட்டுடாதீங்க!" கால் வழுக்கி நான் சாணத்தில் உட்கார்ந்தேன், கயிற்றை விடவில்லை. திடீரென்று கைப்பாரம் குறைந்து, வெதுவெதுப்பாக, வழவழப்பாக, மொத்தமாக ஒரு கன்று என் மடிமேல் வந்து விழுந்தது.

அசைவில்லை. கோகிலா பாய்ந்துவந்து அதன் மூக்கிலிருந்த சளியை விரலால் வழித்தாள். ஒரு வைக்கோலை எடுத்து மூக்குத் துளைக்குள் விட்டுத் திருகினாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி திருகினாள். கன்று என் முகத்தின் மேலேயே தும்மியது.

மாரப்பன் சாமி பேரைச் சொல்லிச் சிரித்தார். கிடேரி, பெண் கன்று. நெற்றியில் ஒரு வெள்ளைச் சுழி. யார் ஜாடை என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

கிணற்றடியில் தொட்டித் தண்ணீரில் நான் கழுவிக்கொண்டிருந்தபோது கோகிலா பக்கத்தில் வந்து நின்றாள். சோப்பை நீட்டினாள்.

"ராத்திரி சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவீங்க?"

"பஸ் ஸ்டாண்டுல பாத்துக்கறேன். கடைசி பஸ்..."

"கடைசி பஸ் போயிருக்குமுங்க" என்றாள்.

மஞ்சள் காட்டின் மேல் வெயில் இன்னும் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது.

"ஆமா" என்றேன். "போயிருக்கும்."